நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு ஓர் அங்கி

பட்டமளிப்புப் படம் எடுக்கும் அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு ஊக்கு அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. சட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக எப்போதும் பத்துப் பன்னிரண்டு ஊக்குகள் வரிசையாகக் குத்தியிருக்கும். "அக்காவக் கட்டிப்பிடிச்சா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். அவளைக் கட்டிப்பிடிக்க யாரும் இல்லை என்பது முதலாளிக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது அவருக்கு நினைவுக்கு வராது.

படம் எடுப்பது முதலாளி. படத்துக்கு ஆளைத் தயார் செய்வது அவள். முதலில் கறுப்பு அங்கியை மாட்டிவிட வேண்டும். அதன்மேல் கழுத்தைச் சுற்றி விழுகிற வண்ணப்பட்டையை உட்கார வைக்க வேண்டும். பட்டைக்குப் பின்பக்கம் கனம். சும்மா விட்டால் பின்னால் சரிந்து கழுத்தை நெரிக்கும். இரண்டு தோளுக்கும் ஒவ்வொன்று, நெஞ்சுக்கு ஒன்று என மூன்று ஊக்குகளை உட்புறமாகக் குத்தினால்தான் நிற்கும். அங்கி தொளதொளவென்றிருந்தால் முதுகுப்பக்கம் மடித்து, துணி காயப்போடும் கிளிப்புகளை மாட்டுவாள். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் கொடியில் காய்கிற துணி மாதிரி இருக்கும். குள்ளமானவர்களுக்கு ஏறி நிற்க மரப்பெட்டி. வியர்க்கிறவர்களுக்குப் பவுடர். கையில் பிடித்துக்கொள்ள ரிப்பன் கட்டிய வெள்ளைத்தாள் சுருள்.

"என்னக்கா, இதுல ஒண்ணுமே எழுதலியே?" என்று எவனாவது கேட்பான்.

"எழுத வேண்டியத நீ பரீட்சையில எழுதிட்டல்ல? பேசாம பிடி."

பதினான்கு வருடமாக இதுதான் வேலை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கழுத்துப்பட்டியை நிமிர்த்தி, தொப்பிக் குஞ்சத்தை இடப்பக்கம் தள்ளிவிட்டு, "மூச்ச விடு, தோள இறக்கு, இப்பப் போ" என்று முதுகில் லேசாகத் தட்டி அனுப்பியிருக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவள்.

அவளுக்கு ஒரு மகள் உண்டு. அந்த மகள் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

அது இப்படி நடந்தது. கல்யாணமாகி மகள் பிறந்த இரண்டாம் வருடம், வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய கணவன் போனவன் போனவன்தான். அதற்கு அடுத்த வருடம் அவளுக்கு இருமல் விடாமல் வந்தது. காசநோய் என்றார்கள், அதிலும் சாதாரண மருந்துக்கு அடங்காத வகை. ஊரின் ஒதுக்குப்புறத்தில் இருந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள். குழந்தை கிட்டேயே வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தங்கைக்குக் குழந்தை இல்லை. மின்சார அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தங்கை கணவர்தான் வந்து, "நீங்க உடம்பப் பாருங்க. குழந்தைய நாங்க பாத்துக்கறோம்" என்றார். மூன்று வயது மகள் அவர் தோளில் தலை சாய்த்தபடி, கையில் பிடித்திருந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே போனாள்.

இரண்டு மாதம் என்றார்கள். பதினொரு மாதம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது அவள் பாதி ஆளாக இருந்தாள். முடி கொட்டி, கன்னம் ஒட்டி, கண்ணாடியில் தன்னைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தங்கை வீட்டு வாசலில் நின்று கையை நீட்டினாள். குழந்தை தங்கையின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரும்மா இது?" என்று தங்கையிடம் கேட்டது.

தங்கை அன்றைக்கே துணிமணிகளை மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். அழுதுகொண்டே கட்டினாள், ஆனால் கட்டினாள். "ரெண்டு நாள் அழுவா, அப்புறம் சரியாயிடுவா" என்றும் சொன்னாள்.

குழந்தை இரண்டு நாளில் சரியாகவில்லை. காலில் போட்டிருந்த ஷூவைக் கழற்ற விடவில்லை. ஷூவோடு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஷூவோடே தூங்கியது. ஊட்டினால் வாயை இறுக்கிக்கொண்டது. தொட்டால் உடம்பு நடுங்கியது. "நான்தான்டா அம்மா" என்று சொன்னால் காதைப் பொத்திக்கொண்டது. ஒன்பதாவது நாள் காலையில் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள். தெரு முனை வந்ததும் குழந்தைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. திமிறி இறங்கி, அந்தச் சின்ன ஷூக்கள் டக் டக்கென்று சத்தம் போட ஓடியது. திரும்பிப் பார்க்கவில்லை.

"குழந்தைக்காகத்தான் விட்டேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். கேட்டவர்களும், பெரிய மனசு என்றார்கள். தங்கையைவிட மூத்தவள் என்பதால் பெரியம்மா என்கிற சொல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. யாரும் அதைத் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது தங்கை உண்மையைச் சொன்னாள். சொல்லிவிட்டேன் என்று அக்காவுக்கும் தெரிவித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் அறையிலிருந்து வந்தாள். "வாங்க..." என்று ஆரம்பித்து ஒரு நொடி நின்றாள். பிறகு, "வாங்க பெரியம்மா" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தங்கையிடம் மகள், "நீ என்ன சும்மா நைநைன்னு", "போ, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சண்டை போடுவாள். பெரியம்மாவிடம் எப்போதும் "நீங்க". தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டு, பாடம் படிக்கப் போய்விடுவாள். மரியாதையான பெண் என்று எல்லோரும் புகழ்வார்கள். அந்த மரியாதை அவளுக்கு முள்ளாகக் குத்தும். ஒரு நாளாவது இவள் என்னிடம் முகத்தைச் சுளித்து, "போ" என்று சொல்ல மாட்டாளா என்று ஏங்கியிருக்கிறாள்.

மகள் மருந்தியல் படித்தாள். கடைசி வருடம் வந்தது. அந்தக் கல்லூரியின் படங்களை எடுக்கிற வேலை இந்த ஸ்டூடியோவுக்கு வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பே பட்டியல் வந்துவிடும். பெயர், தந்தை பெயர், உயரம், தலைச்சுற்றளவு. அதைப் பார்த்துத்தான் அவள் அங்கிகளையும் தொப்பிகளையும் ஒதுக்கி வைப்பாள். அறுபத்து நான்கு பேர். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிவந்தவள் நாற்பத்தொன்றில் நின்றாள். மகளின் பெயர். பக்கத்தில் தங்கை கணவரின் பெயர். உயரம் ஐந்தடி நாலு அங்குலம். மகள் ஐந்தடி இரண்டுதான் இருப்பாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தலைச்சுற்றளவு ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். பெற்ற பிள்ளை எத்தனை உயரம் என்பதை ஒரு தட்டச்சுத் தாளில் படித்துத் தெரிந்துகொள்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. சிரிப்பு வரவில்லை.

ஸ்டூடியோவில் தொண்ணூறு அங்கிகள் இருந்தன. எல்லாம் பல தோள்களில் ஏறி இறங்கியவை. அதில் பதினேழாம் எண் அங்கிதான் உருப்படியானது. கறுப்பு வெளுக்கவில்லை, கைமடிப்பில் பிசிறில்லை. அதை எடுத்து மத்தியான நேரங்களில் சரி செய்தாள். கழுத்துக் கொக்கி தளர்ந்திருந்தது, மாற்றித் தைத்தாள். கீழ் விளிம்பை ஓர் அங்குலம் இறக்கினாள். கறுப்புத் துணியை வெளிப்பக்கம் தேய்த்தால் பளபளப்பு விழுந்து, விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அதனால் உள்பக்கத்தைத் திருப்பி, ஈரத்துணி போட்டு, இரண்டு தடவை தேய்த்தாள். தொப்பியின் உள்வளையம் நெற்றியில் கோடு போடும். அதற்கு மெல்லிய பஞ்சுப்பட்டை ஒன்று வைத்துத் தைத்தாள். எல்லாவற்றையும் வெள்ளை உறைக்குள் போட்டு, "41" என்று சீட்டு எழுதிக் குத்தித் தனியாக மாட்டினாள்.

முதலாளி பார்த்துவிட்டு, "யாருக்கா இது, மந்திரி மகளா?" என்றார்.

"தங்கச்சி பொண்ணு" என்றாள்.

அன்றைக்கு என்ன பேசுவது என்று மனத்துக்குள் ஒத்திகையும் பார்த்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகளிடம் சொல்கிற அதே சொற்கள்தான். மூச்ச விடு, தோள இறக்கு. அதைச் சொல்லும்போது தோளைத் தொடலாம். தொப்பியைச் சரி செய்யும்போது நெற்றி முடியை ஒதுக்கலாம். வேலை அது, யாரும் எதுவும் கேட்க முடியாது. ஐந்து நிமிடம், அதிகம் போனால் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்துக்காக அவள் மூன்று வாரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் இருக்கும்போது தங்கை வந்தாள். டயர் கடைக்கு மேலே ஊக்கு அக்காவுக்கு ஒற்றை அறை. தங்கை நாற்காலியில் உட்காராமல், கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"உக்காரேன்."

"இல்லக்கா, உடனே போகணும். ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு..."

"சொல்லு."

"தப்பா எடுத்துக்காத. அன்னிக்கு... அவளுக்கு உடுத்திவிடறதுக்கு வேற யாராவது இருந்தா நல்லாருக்கும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "ஏன், நான்தானே எல்லாருக்கும் உடுத்தறேன்?"

"தெரியும்க்கா. அவதான் சொன்னா. பெரியம்மா வேணாம், வேற யாரையாவது வைக்கச் சொல்லுன்னா. ஏன்டின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. கூச்சமா இருக்கும் போல. வயசுப் பொண்ணு, கூட பிரண்ட்ஸெல்லாம் இருப்பாங்க..." தங்கை கைப்பையின் வாரை இன்னும் முறுக்கினாள். "நான் திட்டித்தான் பார்த்தேன். கேக்கல."

"திட்டாத" என்றாள் அவள். "ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு இருக்கா. அவ செய்வா. நான் உள்ள தேய்க்கிற ரூம்ல இருந்துக்கறேன்."

"கோபமா அக்கா?"

"போடி. கோபம் என்ன கோபம்? உக்காரு, டீ போடறேன்."

தங்கை உட்காரவில்லை. அவள் போனபிறகு ஊக்கு அக்கா நெடுநேரம் அடுப்படியிலேயே நின்றாள். பிறகு ஒரு ஆளுக்கு மட்டும் டீ போட்டாள். குடிக்கப் பிடிக்காமல் கொட்டினாள்.

அந்த நாள் வந்தது. காலை ஒன்பதுக்கே ஸ்டூடியோ தெருவில் பிள்ளைகள் கூட்டம். அப்பாக்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்கள். அம்மாக்கள் சீப்பும் கையுமாக அலைந்தார்கள். ஊக்கு அக்கா ரிசப்ஷன் பெண்ணுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். "நாப்பத்தொண்ணு மட்டும் வெள்ளை உறையில இருக்கு, மறந்துடாத" என்று மூன்று தடவை சொன்னாள். முதலாளியிடம் முதுகு பிடித்திருக்கிறது, நிற்க முடியவில்லை என்றாள். அவர் முனகிக்கொண்டே சரி என்றார். அவள் தேய்க்கிற அறைக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இடையில் இருந்தது துணித்திரை மட்டும்தான். வெளியே நடப்பதெல்லாம் காதில் விழுந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. தங்கை கணவரின் இருமல். "கொஞ்சம் லிப்ஸ்டிக் போட்டுக்கடி" என்று தங்கையின் குரல். "நீ சும்மா இரு" என்று மகளின் குரல். அவள் அங்கி எதையும் தேய்க்காமல், சூடான இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

திரை விலகியது.

மகள் நின்றாள். அங்கி கச்சிதமாக இருந்தது. ஆனால் வண்ணப்பட்டை பின்னால் சரிந்து, முன்விளிம்பு தொண்டையில் ஏறியிருந்தது. ஒரு கையால் அதை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"பெரியம்மா, இது நிக்க மாட்டேங்குது. அந்தப் பொண்ணு மூணு தடவ குத்திப் பார்த்துட்டா."

"திரும்பு" என்றாள் அவள்.

மகளின் முதுகு அவள் பக்கம் வந்தது. தப்பாகக் குத்தியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பட்டையைத் தூக்கி, பின்கழுத்தில் உட்கார வைத்தாள்.  முதல் ஊக்கை வலது தோளில் குத்தினாள்.

"உங்கள வேணாம்னு சொன்னது நான்தான்" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடி.

"தெரியும்."

"கூச்சத்துல சொல்லல."

 வலது தோள் முடிந்தது. அவள் இடது தோளுக்கு வந்தாள்.

"உங்க பக்கத்துல நின்னா கேட்டுடுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான்."  குரல் மாறியது. "ஒம்போது நாள்தானே பார்த்த?"

பார்த்த என்றாள். பார்த்தீங்க என்று சொல்லவில்லை.

"ஒம்போது நாள். நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். அம்மா எல்லாம் சொன்னா, ஷூவோட தூங்கினேன்னு, சாப்பிடலன்னு. மூணு வயசுக் குழந்தை எத்தனை நாள் அழும்? பத்தாவது நாள் நான் நிறுத்தியிருப்பேனே. பதினஞ்சாவது நாள் நிறுத்தியிருப்பேன். இன்னும் கொஞ்ச நாள் நீ பொறுத்திருக்கக் கூடாதா?"

வெளியே முதலாளி, "நாப்பது! நாப்பது எங்கம்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஊக்கு அக்காவின் விரலில் ஊக்கு குத்தி ஒரு சொட்டு இரத்தம் வந்தது. அங்கியில் பட்டுவிடாமல் கையை எடுத்துக்கொண்டு, விரலைத் தன் சட்டையிலேயே துடைத்தாள். பதினெட்டு வருடமாக எல்லோரிடமும் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. உனக்காகத்தான் விட்டேன். அதைச் சொன்னால் மகள் தலையாட்டிவிட்டு, மரியாதையாகப் போய்விடுவாள்.

"எல்லார்கிட்டயும் உனக்காக விட்டேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். "அது பொய். எனக்காகத்தான் விட்டேன். நான் தொட்டா நீ நடுங்குவ. பதினோரு மாசம் உன்ன நெனச்சுக்கிட்டுத்தான் அந்த மாத்திரையெல்லாம் முழுங்கினேன். வந்து தொட்டா நீ நடுங்கின. எனக்கு அது தாங்கல. பத்தாவது நாள்னு ஒண்ணு இருக்குன்னு அன்னிக்கு எனக்குத் தோணவே இல்ல."

மகளின் தோள்கள் ஒரு தடவை ஏறி இறங்கின.

"ம்" என்றாள்.

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி நின்றாள். நெஞ்சில் குத்த வேண்டிய மூன்றாவது ஊக்கு மிச்சமிருந்தது. அவள் குத்தினாள். தொப்பியை வைத்தாள். முடியை ஒதுக்கினாள். இவ்வளவு நாள் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் கை அதை உணரவே இல்லை. மகளின் கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது, விழவில்லை. பஞ்சை எடுத்து, கண்மை கரையாமல் ஓரத்தில் ஒற்றினாள்.

"பவுடர் கலைஞ்சிருச்சா?"

"இல்ல. நல்லாருக்கு."

"நாப்பத்தொண்ணு!" என்று குரல் வந்தது.

"மூச்ச விடு" என்றாள் அவள். "தோள..."  மகள் திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தனிப்படம் எடுத்து முடித்ததும் குடும்பப் படம். முதுகுவலி என்று சொன்னவள் வெளியே வந்து, தங்கையின் சேலைத் தலைப்பைச் சரி செய்துவிட்டாள். தங்கை கணவரின் டையை இறுக்கிக் கட்டிவிட்டாள். அவர் கூச்சத்தோடு, "போதுங்க, போதுங்க" என்றார். மூவரும் நின்றார்கள். தங்கைக்கு என்ன தோன்றியதோ, திடீரென்று, "அக்கா, நீயும் வாயேன். இப்படி நில்லு" என்று கையை நீட்டினாள்.

முதலாளி காமிராவிலிருந்து தலையைத் தூக்கினார். அவள் மகளைப் பார்த்தாள். மகள் கையிலிருந்த வெள்ளைச் சுருளின் ரிப்பனைச் சரி செய்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நான் எதுக்கு? உடுப்பெல்லாம் ஊக்கு" என்று சிரித்துவிட்டு அவள் விளக்குக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். தங்கை இன்னொரு தடவை கூப்பிடவில்லை.

படங்கள் வந்தன. பெரியது சட்டம் போட்டுத் தங்கை வீட்டுக் கூடத்தில் ஏறியது. பர்ஸில் வைக்கிற அளவில் ஒன்றைத் தங்கை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தாள். படத்தில் மகள் சிரிக்கவில்லை, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. அவள் படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "அவ குடுக்கச் சொன்னாளா, நீயா கொண்டாந்தியா?" என்று கேட்க வாய் வந்தது. கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று விட்டுவிட்டாள்.

இரண்டு மாதத்தில் மகளுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் பதினாறு மணி நேரம் போக வேண்டிய ஊர். வழியனுப்ப அவளும் பஸ் நிலையத்துக்குப் போனாள். தங்கை கணவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டே இருந்தார். தங்கை எதிரே வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள். மகள் தங்கையைக் கட்டிக்கொண்டு, "அழாதம்மா, அசிங்கமா இருக்கு, எல்லாரும் பாக்கறாங்க" என்று தானும் அழுதாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, இவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

"உடம்பப் பாத்துக்கங்க. இருமல் வந்தா அசட்டையா விட்டுடாதீங்க" என்றாள்.

"நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு."

பஸ் கிளம்பியது. அழுதுகொண்டிருந்த தங்கையை இவள்தான் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். வீடு வரைக்கும் தங்கையின் முதுகைத் தடவிக்கொடுத்தபடி வந்தாள். மத்தியானம் வேறொரு கல்லூரியின் பிள்ளைகள் வருகிற நாள் என்பதால் நேரே ஸ்டூடியோவுக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் தங்கை அவள் அறைக்கு வந்தாள். ஃபோன்கூடச் செய்யாமல் வந்திருந்தாள். தலை சரியாக வாரவில்லை. இந்தத் தடவை சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீட்ல இருக்க முடியலக்கா. அவ ரூம் கதவத் தொறந்தாலே பகீர்ங்குது. சோப்பு டப்பாவ விட்டுட்டுப் போயிருக்கா. அதப் பார்த்தா அழுகையா வருது. வேலைக்குத்தானே போயிருக்கா, செத்தா போயிட்டான்னு அவரு கத்தறாரு. எனக்கு மட்டும் தெரியாதா? தெரியுது, ஆனா மனசு கேக்க மாட்டேங்குது."

"முதல்ல அப்படித்தான் இருக்கும்."

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளையே பார்த்தாள். சட்டென்று முகம் வேறு மாதிரி ஆனது.

"அக்கா, அப்ப நீ எப்படி இருந்த?"

"எப்ப?"

"அவள எங்கிட்ட விட்டுட்டுப் போனியே, அன்னிக்கு. இங்க வந்து என்ன பண்ணுன? இத்தன வருஷத்துல நான் உன்ன ஒரு வார்த்த கேக்கலியே. எனக்குப் பிள்ளை வந்துட்டாங்கற சந்தோஷத்துல உன்னத் திரும்பிக்கூடப் பாக்கல."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றாள் அவள். வழக்கமாகச் சொல்வது அதுதான்.

"சொல்லுக்கா."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.  கீழே டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடத் தொடங்கியது. அது அடங்குகிற வரை காத்திருந்தாள்.

"அன்னிக்கு வந்து பார்த்தா, வாளியில உன் வீட்லேர்ந்து கொண்டாந்த அவ கவுன் ரெண்டு ஊறிட்டு இருந்துச்சு" என்றாள். "முந்தின நாள் நனைச்சது. அத என்ன பண்றதுன்னு தெரியல. தொவைச்சேன். காயப்போட்டேன். காஞ்சதும் மடிச்சேன். உன் வீட்ல கொண்டாந்து குடுக்கலாம்னு எடுத்துட்டு உங்க தெருவுல வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ள அவ சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. திரும்பிட்டேன். அப்புறம் நாலு மாசம் அந்தத் தெரு வழியா போகல. வேலைக்குப் போக அதான் குறுக்கு வழி. சுத்திக்கிட்டுப் போனேன், அரை மணி நேரம் அதிகம்..."

இயந்திரம் மறுபடி ஓடியது. அவள் நிறுத்தினாள். அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள்.